அமானிதமாய் வந்த உறுப்பு

ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. பாலத்தைக் கடந்து கீழ்க்கரையில் கால் வைத்தால் விசைத்தறிகளின் ஓசை காதை நிறைக்கும். குமாரபாளையம் வரை தெருவுக்குத் தெரு அந்த ஓசைதான். 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, பின்னர் நாமக்கல் மாவட்டமாகப் பிரிந்த நிலப்பரப்பு இது. உழைப்பாளிகள் நிறைந்த ஊர். கடனாளிகளும் நிறைந்த ஊர்.

2025 ஜூலை மாதத்தில் இவ்வூரின் பெயர் நாளேடுகளில் அடிபட்டது. வறுமையிலும் கடனிலும் சிக்கிய தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் அணுகி, அவர்களுடைய சிறுநீரகங்களை விலை பேசினர் என்ற புகார் எழுந்தது. அரசு விசாரணை நடத்தியது. ஆகஸ்டு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதனை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது.

விற்றவர் யார், வாங்கியவர் யார், இடையில் நின்றவர் யார் என்று ஊரே பேசிற்று. ஒரு மனிதனின் உறுப்பு இன்னொரு மனிதனின் உடலுக்குள் குடியேறும்போது, அவ்விருவரின் உள்ளங்களில் என்ன நிகழ்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. அந்த நாட்களில் அவர்களின் கட்டிலருகே விழித்திருப்பவர்களைப் பற்றிக் கேட்டவர்கள் அதனினும் குறைவு. அந்தக் கேள்விகளுக்கு வரலாற்றில் என்ன விடை உண்டு என்பதையே இக்கட்டுரையில் காண விழைகின்றோம்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், அகழ்ப் போர் நடைபெற்றது. அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து, இரத்தம் நில்லாமல் பெருகிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரைத் தம் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் தங்க வைக்கும்படி பணித்தார்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார் அங்கே காயமுற்றோருக்குப் பணிவிடை செய்து வந்ததை இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறுகின்றது.

இச்செய்தியில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கூடாரம் பள்ளிவாசலில் அமைந்ததற்குக் காரணம், நாயகம் (ஸல்) அவர்கள் அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதேயாகும். நோயாளியின் புண்ணுக்கு மருந்து இடுவதோடு, அவருடைய தனிமைக்கும் மருந்து இட வேண்டும் என்பது இங்கே செயலாகவே காட்டப்பட்டுவிட்டது. ஸஃது (ரலி) அவர்கள் அக்காயத்தாலேயே பின்னர் உயிர் நீத்தார்கள். பிழைப்பவருக்கு மட்டுமே பணிவிடை என்ற கணக்கு அந்தக் கூடாரத்தில் இல்லை.

இந்த மரபே பிற்காலத்தில் பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளாக வளர்ந்தது. 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் நடைபெற்றன.

நூல் துறையிலும் நம் முன்னோர் பின்தங்கவில்லை. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் இரு பகுதிகளாக ஒரே நூலில் வகுத்தெழுதினார். அச்சம், கவலை, சினம், வஸ்வாஸ் என்னும் ஓயாத எண்ண ஊசலாட்டம் ஆகியவற்றை அவர் உள்ளத்தின் நோய்களாகக் கண்டார். உடல் நோயுற்றால் உள்ளமும் துன்புறும்; உள்ளம் துன்புற்றால் உடலும் தளரும் என்பது அவர் முடிவு. உறுப்பு மாற்று நோயாளிகளின் வாழ்வைப் பார்க்கும் எவரும், அந்நான்கையும் அதே வரிசையில் அவர்களிடம் காணக் கூடும்.

பாஸ்டன் முதல் வேலூர் வரை

1954 டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரி என்னும் அறுவை மருத்துவர் ஒரு சிறுநீரகத்தை ஒரு சகோதரரிடமிருந்து எடுத்து மற்றவருக்குப் பொருத்தினார். ரொனால்டு ஹெரிக், ரிச்சர்டு ஹெரிக் என்னும் அவ்விருவரும் ஒரே உருவ இரட்டையர். வயது 23. நெடுநாள் நிலைத்த முதல் சிறுநீரக மாற்று இதுவே.

நலமாயிருக்கும் ஒருவரின் உடலை, அவருக்கு எவ்வித மருத்துவப் பயனும் இல்லாத காரியத்துக்காகக் கீறலாமா? இக்கேள்வி மருத்துவர்களை வாட்டியது. சமய அறிஞர்களையும் சட்டம் அறிந்தோரையும் அவர்கள் கலந்தாலோசித்தனர். நோயாளியான ரிச்சர்டோ, கழிவுகள் இரத்தத்தில் தேங்கியதால் சித்தம் கலங்கி, பணிவிடை செய்தவர்களோடு போராடும் நிலையில் இருந்தார். பின்னர் தெளிவு வந்தது. அறுவைக்கு முந்திய இரவில், தன்னால் உடன்பிறந்தவருக்குத் தீங்கு வந்துவிடுமோ என்ற அச்சம் மேலிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுமாறு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். தாம் வந்துவிட்டதாகவும் திரும்பப் போவதில்லை என்றும் ரொனால்டு பதில் அனுப்பினார். உறுப்பு மாற்றின் வரலாறு கத்தியோடு தொடங்கியதாகப் பலரும் எழுதுவர். இந்த இரு சீட்டுகளோடு தொடங்கியது என்றே நாம் சொல்லத் துணிகின்றோம்.

ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1963இல் காலமானார். மயக்கம் தெளியும் அறையில் தம்மைக் கவனித்த செவிலியரையே அவர் மணந்தார். இரு குழந்தைகளுக்குத் தந்தையும் ஆனார். மர்ரிக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. செவிலியரின் பணிக்கு அப்படி ஒரு பரிசு ஏற்படுத்தப்படவில்லை.

நம் தமிழகத்தில் இவ்வரலாறு வேலூரில் தொடங்குகிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் உயிருடனிருப்பவர் அளித்த சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. இந்தியாவில் அத்தகைய முதல் வெற்றி அது. மருத்துவர்கள் மோகன் ராவும் ஜானியும் அதனை நிகழ்த்தினர். அதே நிறுவனம் 1909 முதலே செவிலியர்களைப் பயிற்றுவித்து வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தேர்ந்த செவிலியர் அணி இல்லாத இடத்தில் இத்தகைய சிகிச்சை வேரூன்ற இயலாது.

உடல், அயலார் உறுப்பைப் பகையாகக் கருதி எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. மூளைச் சாவு சட்டப்படி ஏற்கப்பட்டது. உறுப்பு வணிகம் குற்றமாக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தில் விபத்துக்குள்ளாகி மூளைச் சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் ஈந்தனர். அந்நிகழ்ச்சி தமிழகத்தின் மனத்தைத் திறந்தது. 2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சாலை விபத்துகளில் மூளைச் சாவுற்றோரின் குடும்பத்தார் கண்ணீருடன் உறுப்புகளை ஈந்து வருகின்றனர்.

பெற்றவர் நெஞ்சம்

சிறுநீரகம் பழுதுற்றவர் வாரத்துக்கு இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே ஏறத்தாழ நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவுண்டு. சித்திரை வெயிலில் சேலத்துச் சமவெளி காயும்போது, ஒரு மிடறு நீரை எண்ணி எண்ணி விழுங்குவதன் வேதனை நோன்பாளிக்கும் முழுமையாக விளங்காது. நோன்பாளிக்கு மஃரிபு உண்டு, அவருக்கு இல்லை.

மாற்றுச் சிகிச்சை முடிந்தவுடன் எல்லாத் துயரமும் தீர்ந்தது என்று சுற்றத்தார் கருதுவர். நோயாளியோ வேறொரு வாழ்வின் வாயிலில் நிற்கிறார். புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் பக்கவாட்டில் பொருத்தப்படுகிறது. பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்படும். முதல் நாட்களில் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுபவர் செவிலியர். அதன்பின் கிரியேட்டினின் என்னும் இரத்தச் சோதனை எண் அவருடைய உள்ளத்தை ஆளத் தொடங்குகிறது. அது இறங்கினால் வீடெங்கும் பெருநாள். சிறிது ஏறினால் இரவெல்லாம் உறக்கமில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரைகளை அந்தச் சிறுநீரகம் உழைக்கும் காலம் முழுவதும் உண்ண வேண்டும். அவற்றுள் ஸ்டிராய்டு வகை மருந்து முகத்தை ஊதச் செய்யும். காரணமின்றிச் சினமும் அழுகையும் வரவழைக்கும். அது மருந்தின் வேலை என்பதை அறியாத மனைவி, கணவரின் குணமே மாறிவிட்டதென்று கலங்குவார். முன்கூட்டியே இதனை எடுத்துரைக்கும் செவிலியர் ஒரு குடும்பத்தையே காப்பாற்றுகிறார்.

இன்னொரு கலக்கம் உண்டு. அயலாருடைய உறுப்பு உள்ளே வந்தால் அவருடைய குணமும் வருமோ என்று சிலர் அஞ்சுவர். இதயம் பெற்றவர்களிடம் இவ்வச்சம் மிகுதி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கல்பு என்னும் சொல்லை விளக்குகையில், மார்பில் இருக்கும் தசைத் துண்டு வேறு, அறியவும் வினவப்படவும் உரிய ஆன்ம நுட்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அவ்விளக்கம் இன்று ஒரு நோயாளியின் தலைமாட்டில் நின்று ஆறுதல் சொல்லத் தக்கதாய் இருக்கிறது. உறுப்பு மாறலாம், ஈமானும் குணமும் அவரவருடையவை.

யாவற்றினும் கனமானது நன்றியின் சுமை. நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர், பின்னாளில் இந்தச் சமவெளியில் ஒரு சிற்றூரில் கடை வைத்தவர், தம் தாயாரின் சிறுநீரகத்தைப் பெற்றார். அறுவை நல்லபடி முடிந்தது. ஆயினும் இரண்டு நாட்கள் அவர் யாருடனும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். உணவையும் மறுத்தார். பணியிலிருந்த செவிலியர் ஒருவர் இதைக் கவனித்து, அடுத்த பகுதியில் படுத்திருந்த தாயாரிடம் சென்று பேசி வந்தார். திரும்பி வந்து அவரிடம் சொன்னது ஒரே செய்திதான்: "ராத்திரி நல்லாத் தூங்கினேன், ரெண்டு வருஷத்துல இப்பதான் தூங்கினேன்னு உங்க அம்மா சொல்லச் சொன்னாங்க." மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாய் விழித்திருந்த இரவுகள் அவர் நினைவுக்கு வந்தன. அழுதார்; பிறகு கஞ்சி குடித்தார். "ஹஜ்ரத், பால் கடனே தீரலையே, இதை எப்படித் தீர்ப்பேன்னுதான் கிடந்தேன். தீர்க்க வேண்டியதில்லைன்னு அந்தச் சிஸ்டர் சொல்லாமலே சொல்லிட்டாங்க" என்று பின்னர் நம்மிடம் கூறினார். அந்தச் செவிலியர் நம் மார்க்கத்தவர் அல்லர். பணிவிடைக்கு மார்க்க வேறுபாடு கிடையாது.

இறந்தவரிடமிருந்து உறுப்புப் பெற்றவரின் நிலை இன்னும் நுட்பமானது. தாம் காத்திருந்த நாட்களில், யாரோ ஒருவரின் மரணத்துக்காகவே காத்திருந்தோமோ என்ற உறுத்தல் அவரை வாட்டும். மௌத்து அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது; காத்திருந்தவரால் அது நேர்ந்ததன்று என்பதை எடுத்துச் சொல்லும் வாய் ஒன்று அவருக்கு வேண்டும்.

கொடுத்தவர் நெஞ்சம்

நம் நாட்டில் உயிருடன் உறுப்புக் கொடுப்போருள் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோருள் பெரும்பாலோர் ஆண்கள். தாயும் மனைவியும் சகோதரியும் மனமுவந்து தருகின்றனர் என்பது மெய்யே. ஆயினும், மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று வீட்டில் யாரேனும் சொன்னதுண்டா? தனியே அழைத்து, அவருடைய உள்ளத்தில் அச்சமோ வற்புறுத்தலோ இருக்கிறதா என்று கேட்பதும் செவிலியரின் பணியே. 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், உறுப்பு மாற்றம் செய்யும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டுமென விதித்தது. அறுவைக்குப் பின் எல்லாரும் பெற்றவரையே சூழ்ந்து நிற்க, கொடுத்தவர் ஒரு மூலையில் மறக்கப்படுவதை மருத்துவமனைகளில் காணலாம். முன்னாள் வரை வீரராயிருந்தவர், மறுநாள் வெறும் நோயாளி ஆகிவிடுகிறார்.

விலைக்குக் கொடுத்தவரின் நிலையோ சொல்லுந்தரமன்று. 1980களில் சென்னை வில்லிவாக்கத்தை மக்கள் "கிட்னிவாக்கம்" என்று கேலியாக அழைத்தனர். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. அவர்களுள் 100க்கு 96 பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். ஆண்டுகள் சில கழிந்தபின் பார்த்தால், குடும்ப வருவாய் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நாலில் மூவர் இன்னும் கடனாளிகளாகவே இருந்தனர். 100க்கு 86 பேர் தம் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். பிறர் இவ்வாறு செய்ய நாங்கள் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 100க்கு 79 பேர்.

தறி முன் நாள்தோறும் நெடுநேரம் நிற்க வேண்டிய உடல் தளர்ந்தால், கடன் எங்ஙனம் அடையும்? 2011ஆம் ஆண்டின் திருத்தம், உறுப்பு வணிகத்துக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை இவ்வளவு கடுமையாயிருந்தும் பள்ளிபாளையத்தில் தரகர்களின் கால் பட்டதெனில், சட்டம் எட்டாத இடத்தில் வட்டி எட்டியிருக்கிறது என்றே பொருள். விற்றவரின் தழும்பில் வெட்கமும் கலந்திருக்கிறது. மகளைப் பெண் பார்க்க வருவோருக்குத் தெரியக் கூடாதென்று அவர் மறைப்பார்; உடல் நலிந்தாலும் மருத்துவரிடம் போகத் தயங்குவார். அவருக்கு ஆறுதல் சொல்ல எந்தச் செவிலியரும் இல்லை.

உலமாக்களின் ஆய்வு

இது கூடுமா என்று நம் வாசகர்கள் கேட்பர். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. உடல் அல்லாஹ்வின் அமானிதம், மனிதன் அதன் உரிமையாளன் அல்லன் என்றும், மையித்தின் எலும்பை முறித்தல் உயிருள்ளவரின் எலும்பை முறித்தல் போன்றது என்ற கருத்துடைய ஹதீஸை ஆதாரமாகக் காட்டியும் மறுத்தோர் உண்டு. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அவர்களுள் முதன்மையானவர்கள்.

நிர்ப்பந்த நிலை விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற ஃபிக்ஹு விதியை ஆதாரமாகக் கொண்டு அனுமதித்தோர் மற்றொரு சாரார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியையும் இவர்கள் எடுத்துக்காட்டுவர். 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழு அனுமதி அளித்தது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, கொடுப்பவரின் உயிருக்கும் அடிப்படை வாழ்வுக்கும் கேடு வராமை, மனமுவந்த இசைவு ஆகிய நிபந்தனைகளுடன் ஆகுமென முடிவு செய்து, விற்பனையை முற்றிலும் தடுத்தது. 1989இல் டில்லியில் கூடிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, உயிருடனிருப்பவர் தம் உறவினருக்குச் சிறுநீரகம் அளிப்பதை அனுமதித்தது. இறந்தபின் உறுப்பைக் கொடுக்கும்படி எழுதி வைப்பது ஷரீஅத்தின் பார்வையில் வஸிய்யத்து ஆகாது என்றும் கூறியது.

அனுமதித்தோரும் மறுத்தோரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. அமானிதத்தை விற்க எவருக்கும் உரிமையில்லை. ஓர் உயிரை வாழ வைத்தவரை மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவராகச் சிறப்பிக்கும் சூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனத்தை ஓதுவோர், அந்த உயிரைக் காக்க இன்னோர் ஏழையின் உடலை விலை பேசலாகாது. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலையைத் தகுதியுள்ள ஆலிம்களிடமும் மருத்துவர்களிடமும் எடுத்துரைத்து முடிவு செய்வதே நேரிய வழி.

நம் மஹல்லாவின் கடமை

அறுவை முடிந்து ஊர் திரும்பியவரை நாம் எங்ஙனம் நடத்துகிறோம்? எதிர்ப்பாற்றல் குறைந்த முதல் மாதங்களில் கூட்டத்தைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பார். அவர் ஜும்ஆவுக்கு வராததையும், முகத்தை மூடிக்கொண்டு முஸாஃபஹாவுக்குக் கை நீட்டாததையும் கர்வம் என்று பேசுவோர் உளர். வலீமா விருந்தில் உண்ணவில்லை என்று மனம் கோணுவோரும் உளர். ரமலானில் அவர் மாத்திரை உண்பதைக் கண்டு முகம் சுளிப்போரும் உளர். நோயாளிக்கு அல்லாஹ்வே அளித்த சலுகையைப் பறிக்க நாம் யார்? நேரம் தவறாமல் உண்ண வேண்டிய அந்த மாத்திரை, இன்னொருவர் தந்த அமானிதத்தைக் காக்கும் கடமை ஆகும்.

நலம் விசாரிப்பது சுன்னத்து. அதற்கும் ஒழுங்குண்டு: சளி, காய்ச்சல் உள்ளவர் போகலாகாது, நெடுநேரம் இருக்கலாகாது, இறந்துபோன வேறொரு நோயாளியின் கதையைச் சொல்லலாகாது. பெற்றவரைப் பார்க்கப் போகும்போது கொடுத்தவரையும் பார்த்து வர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சைக்கு உதவுகிறது. அதன் விவரம் அறியாமல் நகையை விற்பவருக்கு வழி காட்டுவது ஜமாஅத்தின் வேலை. ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோரின் வரிசையில் கடனாளிகளும் உள்ளனர் என்பதை நாம் மேடைகளில் சொல்கிறோம். பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளியின் வாசலுக்குத் தரகர் வருமுன் நம் பைத்துல்மால் போய்ச் சேர்ந்தால், அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

நம் பெண் மக்கள் செவிலியர் கல்வி பயில விரும்பினால், இரவுப் பணி என்றும் அயலாரைத் தொடும் பணி என்றும் தடுக்கும் பெற்றோர் இன்னும் உளர். அவர்களுக்கு நாம் பள்ளிவாசலில் இருந்த அந்தக் கூடாரத்தை நினைவூட்டுகின்றோம். ருஃபைதா (ரலி) அவர்களைக் கொண்டே நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்குப் பணிவிடை செய்வித்தார்கள். மகளின் பாதுகாப்புக்கும் கண்ணியத்துக்கும் ஏற்பாடு செய்து அனுப்புங்கள். என்றோ ஓர் இரவில், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கும் ஒரு மகனுக்கு அவனுடைய தாயின் சொல்லைக் கொண்டு போய்ச் சேர்ப்பவள் அவளாக இருக்கலாம்.

நோயுற்றோருக்கு வல்ல நாயன் ஷிஃபாவையும், கொடுத்தோருக்கு நற்கூலியையும், விழித்திருப்போருக்கு மனவலிமையையும் அருள்வானாக. ஆமீன்.